துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளையும் அவர்தம் வாணிகமும்

வாணிகம் என்பது வாங்கலும் விற்றலுமே என்று கருதுவார் பலர். கடையில் அமர்ந்து, வந்தவர் கேட்டதைக் கொடுத்துக் காசு பெறுவாரைக் காணுங்கால் அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயினும், அக்கடைக்குப் பொருள் வந்து சேர்ந்த வழியைச் சிறிது பின்னோக்கிச் சென்று ஆராய்வோமாயின், எத்துணையோ பேருடைய உழைப்பும், கடனும், நம்பிக்கையும் ஒன்றோடொன்று கொளுவப்பெற்ற நீண்ட சங்கிலியொன்று நம் கண்முன் தோன்றும். அச்சங்கிலியின் ஒரு தலையில் பொருளை வேண்டுவோர் நிற்கின்றனர். மறு தலையில் அதனை ஆக்குவோர் நிற்கின்றனர். இவர் அவரை அறியார். அவர் இவரை அறியார். இடைநின்று, வேண்டுவோர் கருத்தை முன்னறிந்து ஆக்குவோர்க்கு உரைத்து, ஆக்கிய பொருளைக் காலந்தவறாது கொண்டு சேர்ப்பவனே மெய்யான வணிகன். அவன் கணிப்புத் தவறுமாயின், ஒருபுறம் பொருள் தேங்கி அழியும். மறுபுறம் பொருளின்றி மக்கள் வாடுவர்.

இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே எடுத்துக்காட்டாக விட்டுச் சென்றவர் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை அவர்கள். சரித்திர நூல் கற்போர் அவரை டூப்ளே துரையின் துபாஷி என்று அறிவர். இலக்கிய அன்பர் அவரைத் தமிழில் நாட்குறிப்பு வரைந்த பெருமகனார் என்று போற்றுவர். அவ்விரு புகழுக்கும் அடிப்படையாய் நின்றது அவருடைய வாணிகமே என்பதைச் சிந்திப்பார் சிலரே. ஆதலின் அப்பகுதியையே சிறப்பாக எடுத்து, அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மண்ணூர் முதலிய ஊர்களைச் சார்ந்து வாழ்வோர்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. தறிக்குப் பெயர்பெற்ற காஞ்சிக்கும், கப்பலுக்குப் பெயர்பெற்ற சென்னைக் கரைக்கும் இடைப்பட்ட நிலம் இது. பொதியெருதுகள் நடந்த நாட்டில் இக்காலம் பாரவண்டிகள் மோட்டார் உறுப்புக்களைச் சுமந்து இரவும் பகலும் விரைகின்றன. பொருள் மாறிற்று, வேகம் மாறிற்று, சங்கிலி மாறவில்லை.

பிறப்பும் குடும்பமும்

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை என்பார், வாணிகத்தில் தேர்ந்தவர். அவர்தம் மைத்துனராகிய நைனியப்ப பிள்ளை என்பவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரிடத்துத் தலைமைத் துபாஷியாக விளங்கினார். அவருடைய அழைப்பின்பேரில் திருவேங்கடம் பிள்ளை தம் குடும்பத்தோடு புதுச்சேரியிற் குடியேறினார்.

துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழி வல்லான் என்பதே பொருள். எனினும் அவன் வேலை மொழிபெயர்ப்போடு நின்றதன்று. கும்பினிக்கு வேண்டிய சரக்கு எது, அதனைத் தரவல்லார் யார், விலை யாது, முன்பணம் எவ்வளவு என்பன யாவும் அவன் வாயிலாகவே முடிவாயின. கடல் கடந்து வந்த அந்நியர்க்கு இந்நாட்டின் கண்ணும் செவியும் அவனே.

அத்தகைய பதவியில் இருந்த நைனியப்பருக்கு நேர்ந்த கதி மிகக் கொடியது. எபேர் என்னும் கவர்னர் 1716-இல் அவர்மீது குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டார், பொருள் பறிமுதலாயிற்று, மறு ஆண்டிலேயே அவர் சிறையில் உயிர் நீத்தார். திருவேங்கடம் பிள்ளையும் அச்சங்கொண்டு சென்னைக்கு அகன்றார். நைனியப்பரின் மைந்தராகிய குருவப்ப பிள்ளை பிரான்சு தேசத்துக்கே சென்று முறையிட்டார். பின்னர் அத்தீர்ப்பு அங்கே மாற்றப்பட்டது. குருவப்பர் கிறிஸ்து மதத்தைத் தழுவி, அரசரின் விருதும் பெற்றுத் திரும்பித் துபாஷியானார். ஆயினும் 1724-இல் இளமையிலேயே இறந்தார்.

இந்நிகழ்ச்சி ஒரு குடும்பத்தின் துயரமட்டுமன்று. வணிகர் தலைவனையே சிறையில் மாளவிடும் ஊரில் எவ்வணிகன் தன் பொருளைக் கொண்டு வந்து இறக்குவான்? எபேருக்குப் பின் வந்த ஆட்சியாளர் இதனை உணர்ந்தே திருவேங்கடம் பிள்ளையை மீண்டும் புதுச்சேரிக்கு வருவித்தனர். சங்கிலியில் முதலிற் பூண்டிருக்க வேண்டிய வளையம் நம்பிக்கை என்பதை இளம் ஆனந்தரங்கர் ஏட்டில் அன்று, தம் இல்லத்திலேயே கற்றார்.

இளமையில் ஏற்ற பொறுப்பு

1726-இல் திருவேங்கடம் பிள்ளை காலமானார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது 17. கவர்னர் லெனுவார் இவ்விளைஞரின் அறிவையும் ஊக்கத்தையும் கண்டு, பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் நாட்டார் அலுவலுக்குத் தலைவராக்கினார். பரங்கிப்பேட்டை அந்நாளில் புடவை வாணிகத்திற் சிறந்த துறைமுகம். இக்காலம் நாம் புடவை என்று மகளிர் உடையையே குறிக்கின்றோம்; அக்காலத்திலோ நெய்த துணி யாவும் புடவை எனவே வழங்கின.

இளைஞர் ஆனந்தரங்கர் அங்கே இருந்த வழியே சென்று மனநிறைவு கொண்டாரல்லர். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தாமே கிடங்குகள் அமைத்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குகளை அங்கே அனுப்பி, அவற்றுக்கு மாறாக அவ்வூர்ப் பொருள்களைப் பெற்றுக் கடற்கரைக்குக் கொணர்வித்தார். இதன் நுட்பத்தை நோக்குக. கடற்கரையில் இருந்துகொண்டே வாங்குபவன் இடைத்தரகர் சொல்லும் விலைக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்டவன். நெய்யும் ஊர்க்கு அருகே கிடங்கு வைத்திருப்பவனோ, எவ்வூரில் தறி ஓடுகிறது, எவ்வூரில் நின்றது என்பதை உடனுக்குடன் அறிவான். போகும் வண்டியும் சுமையோடு போம். வரும் வண்டியும் சுமையோடு வரும். ஒருவழிக் கூலியில் இருவழிப் பயன். மேலும், ஆர்க்காடு நவாபின் தலைநகர் ஆதலின், அரசியற் செய்தி முதலில் எட்டும் இடமும் அதுவே. படை புறப்படும் செய்தியை முன்னறியும் வணிகன், தன் சரக்கை வழியிலிருந்து முன்னரே விலக்குவான் அன்றோ?

செங்கற்பட்டைச் சார்ந்த சேஷாத்திரி பிள்ளையின் மகளார் மங்கத்தாயம்மாளை ஆனந்தரங்கர் மணந்தார். இவ்வாறு பெரம்பூர், செங்கற்பட்டு, ஆர்க்காடு, பரங்கிப்பேட்டை, புதுச்சேரி என்னும் பல ஊர்களிலும் அவர்க்கு உறவும் தொடர்பும் பெருகின. அக்காலத்து வாணிகத்திற்கு உறவே தந்தி, உறவே வங்கி.

புடவைச் சங்கிலி

நிற்க. அப்புடவை வாணிகம் எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தாலன்றி ஆனந்தரங்கர் திறம் விளங்காது. அதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

பிரெஞ்சுக் கும்பினியார் 1734 முதல் தம் சரக்குகளை லோரியான் என்னும் துறைமுகத்தில் ஏலத்தில் விற்று வந்தனர். அவ்வேலத்தில் எத்துணி விலைபோயிற்று, எத்துணி தேங்கிற்று என்பதைக் கண்டு, அடுத்து வேண்டும் துணிகளுக்குப் பட்டியல் வகுப்பர். துணியின் நீளம், அகலம், நூலின் நுண்மை, நிறம் யாவும் அதில் அடங்கும். அப்பட்டியலும், அதற்குரிய வெள்ளியும் கப்பலேறி, ஏறக்குறைய அரையாண்டு கடலில் மிதந்து, ஆண்டின் நடுவிற் புதுச்சேரி வந்தடையும். வெள்ளியை நாணயமாக்கினாலன்றி உள்நாட்டிற் செலவிடல் இயலாது. 1736-இல் நவாப் தோஸ்து அலிகானிடத்து ரூபாய் அடிக்கும் உரிமையைக் கவர்னர் டூமா பெற்றார். அதன்பின் அவ்வேலை புதுச்சேரியிலேயே நிகழலாயிற்று.

பின்னர்க் கும்பினியார் நாட்டு வணிகரை அழைத்து, மாதிரித் துணியைக் காட்டி, ஒப்பந்தம் எழுதுவித்து, ஒரு பகுதிப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பர். வணிகர் தரகரிடம் கொடுப்பர். தரகர் ஊர்தோறும் சென்று நெசவாளரிடம் கொடுப்பர். நெசவாளர் அப்பணத்தைக் கொண்டே நூல் வாங்குவர். அப்பணத்தைக் கொண்டே அரிசியும் வாங்குவர். முன்பணம் இல்லையேல் தறி இல்லை. துணி அறுபட்டு வந்தபின் கும்பினிக் கிடங்கிலே தரம் பிரிப்பர். மாதிரிக்குக் குறைந்ததைத் தள்ளுவர், அல்லது விலையைக் குறைப்பர். ஏற்றதை வண்ணார் வெளுத்துக் கொடுக்க, அடித்து மடித்துக் கட்டுக்கட்டாகக் கட்டுவர். புதுச்சேரிக்கு அக்காலத்துக் கப்பல் அணையும் துறை இன்மையின், கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடக்கவல்ல சலங்குகளே கட்டுக்களைச் சுமந்து செல்லும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுமுன் கப்பல் புறப்படவேண்டும். தவறினால் தை பிறக்குமளவும் இக்கரை கப்பலுக்கு ஆகாது.

இனி இதன் காலக்கணக்கைப் பார்ப்போம். ஓராண்டின் இலையுதிர் காலத்தில் லோரியானில் எழுதிய பட்டியல், மறு ஆண்டின் நடுவில் இங்கு வரும். துணி அவ்வாண்டின் இறுதியிலேனும் அதற்கடுத்த தைத்திங்களிலேனும் கப்பலேறும். மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேதான் அது ஏலத்துக்கு வரும். எனவே, இன்று கேட்கப்படும் துணி ஈராண்டு கழிந்தபின் விற்கப்படுவது. அதற்குள் அங்கே நாகரிகம் மாறலாம், போர் மூளலாம். இங்கே மழை பொய்க்கலாம், அரிசி விலை ஏறினால் நெசவுக் கூலியும் ஏறும், பருத்தி அரிதாகலாம். பட்டியலை மட்டும் நம்பி நடப்பவன், நேற்றைய நிழலைத் துரத்துபவனை ஒப்பான். பட்டியலை முற்றும் தள்ளுபவனோ கடலில் திசையறியாதவனை ஒப்பான். இரண்டுக்கும் நடுவே தன் மதியால் அளந்து, எதனைச் சிறிது மிகுத்து வைக்கலாம், எதனைக் குறைக்கலாம் என்று துணிதலே வணிகன் கடன்.

கம்பளித் துணியாகிய சகலாத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் அதனை இங்கே விற்கப் பெரிதும் முயன்றனர். வெயில் காயும் இந்நாட்டில் அதனை வேண்டுவார் யார்? அரண்மனையாரும் படைத்தலைவரும் வரிசைப் பொருளாக வாங்குவரேயன்றிப் பொதுமக்கள் வாங்கார். ஆதலின் அதனை விற்பதற்குச் சந்தையை அறிதல் போதாது. சபைகளை அறிதல் வேண்டும். ஆனந்தரங்கர் இரண்டையும் அறிந்தவர். ஆனந்தப்புரவி என்னும் பெயரால் சொந்தக் கப்பல் ஒன்றும் அவர்க்கு இருந்தது.

நாட்குறிப்பு

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் அவர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். கப்பல் வந்த நாள், போன நாள், வந்த சரக்கு, கவர்னர் சபையில் நிகழ்ந்த பேச்சு, ஆர்க்காட்டுக் கடிதம், ஒப்பந்த வழக்கு, ஊர்வம்பு யாவும் அதில் இடம்பெற்றன. அக்காலத்துத் தமிழர் பேசிய நடையிலேயே, பிரெஞ்சு, பாரசீகச் சொற்கள் விரவ, அவர் எழுதினார். ஏறக்குறைய 25 ஆண்டு அவ்வழக்கம் நீடித்தது.

இதனைச் சரித்திரக் களஞ்சியம் என்று அறிஞர் கொண்டாடுவது முற்றும் பொருந்தும். ஆயினும், எழுதியவர் நோக்கில் அது வணிகனின் கருவியுமாகும். எக்கப்பல் எந்நாளில் வந்தது என்பதை ஆண்டுதோறும் குறித்து வைப்பவன், அடுத்த கப்பல் தாமதிக்குமாயின் அதனைப் பிறர்க்கு முன் உணர்வான். எவன் சொன்ன சொல் பலித்தது, எவன் சொன்னது பொய்த்தது என்பதையும் குறிப்பு மறவாது. நினைவு உறவினரைப் போல முகத்துக்கேற்பப் பேசும். ஏடு அவ்வாறு பேசாது.

போரும் பஞ்சமும்

அவர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. 1740-இல் இரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கணவாய் கடந்து வந்தது. நவாப் தோஸ்து அலி போரில் மாண்டார். ஆர்க்காட்டுச் சீமை சூறையாடப்பட்டது. மறு ஆண்டிலே திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிபு சிறைப்பட்டார். படை வரும் வழியில் தறி நிற்கும், நெசவாளர் ஓடுவர், அவர் கையிற் கொடுத்த முன்பணமும் அவரோடு போம். கப்பலோ அதனை அறியாது துறையில் வந்து நிற்கும்.

1742-இல் டூப்ளே கவர்னரானார். இரண்டாண்டில் ஐரோப்பாவில் மூண்ட போரின் செய்தி வந்தது. 1745-இல் ஆங்கிலக் கப்பற்படை கீழ்க்கடலிற் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்கலாயிற்று. வெள்ளி வருவது குன்றிற்று. வெள்ளி இல்லாமல் முன்பணம் ஏது? முன்பணம் இல்லாமல் புடவை ஏது? அக்காலத்தில் கும்பினியை இந்நாட்டில் தாங்கியவை தனியார் கடனும் வாக்குமே.

1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். டூப்ளே அதனையே வாய்ப்பாகக் கொண்டு, சென்னை வணிகரைப் புதுச்சேரியிற் குடியேறச் செய்ய விரும்பினார். அதற்கு ஆனந்தரங்கரின் செல்வாக்கையும் பயன்படுத்தினார், கட்டளையும் பிறந்தது. ஆயினும் பெரும்பாலோர் வரத் தயங்கினர். கோட்டையைப் பீரங்கியாற் பிடிக்கலாம். வணிகனைப் பிடித்தல் இயலாது. அவன் பொருள் பெட்டியில் மட்டும் இல்லை. பல ஊர்களில், பலர் கையில், பல நாளைய பழக்கத்தில் அன்றோ பரவிக் கிடக்கின்றது? அதனைப் பெயர்த்து நடுதல் மரத்தைப் பெயர்த்து நடுதலினும் அரிது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியார் காலமானார். அப்பதவிக்குப் பலர் போட்டியிட்டனர். டூப்ளேயின் மனைவியாரும் ஆனந்தரங்கருக்கு உதவியாயிருந்தாரல்லர். எனினும் வாணிகத்தில் அவரையன்றி வேறு துணை இன்மையின், அப்பதவி அவரிடமே வந்து சேர்ந்தது. 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது நகர் தாங்கி நின்றது. மழை தொடங்கியதும் முற்றுகை நீங்கிற்று. மறு ஆண்டில் சென்னை ஆங்கிலேயர்க்குத் திரும்ப அளிக்கப்பட்டது.

உயர்வும் தாழ்வும்

பின்னர் டூப்ளே நவாபுகளின் உரிமைப்போரில் தலையிட்டார். நிஜாம் பதவிக்கு உரிமை கொண்டாடிய முசாபர் ஜங், ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் என்னும் சிறப்பளித்தார். செங்கற்பட்டுக் கோட்டைத் தலைமையும், பின்னர் அச்சீமையின் ஜாகீர் உரிமையும் அவர்க்கு வழங்கப்பெற்றன. பல்லக்கும், விருதும், புலவர் பாமாலையும் அவரை நாடி வந்தன.

ஆயினும் பல்லக்கு ஏறிய அக்காலமே வாணிகம் இறங்கிய காலம். பிரெஞ்சுக்காரர் வெள்ளி தறிக்குப் போவது குறைந்து, படைக்குப் போவது மிகுந்தது. வயலும் தறியும் மாறிமாறிப் போர்க்களமாயின. ஒரு கையால் நெசவாளனுக்கு முன்பணம் கொடுத்து, மறு கையால் அவன் ஊரின் வழியே படையை நடத்தினால் துணி எங்கிருந்து வரும்? பிரான்சிலிருந்த கும்பினியார் இதனைக் கண்டு மனம் வெறுத்தனர். 1754 ஆகஸ்டில் கொதே என்பவர் வந்து டூப்ளேயை நீக்கினார். தாம் கும்பினிக்காகச் செலவிட்ட பெரும்பொருளை டூப்ளே கேட்டார். கும்பினியார் கொடுக்க மறுத்தனர். 1763-இல் அவர் வறுமையில் மாண்டார். தலைமை வகித்தவரின் கணக்கே தீர்க்கப்படாதபோது, அவரை நம்பிக் கொடுத்த பிறர் நிலையை நாமே உய்த்துணரலாம்.

ஆனந்தரங்கரும் அவ்வலையினின்று தப்பினாரல்லர். உடல் நலிந்தது, பகைவர் பெருகினர், 1756-இல் பதவி நீங்கிற்று. 1758-இல் லாலி என்னும் தளபதி வந்தார். உள்நாட்டார் வழக்கத்தையும் மனத்தையும் அறியாது அவர் நடத்திய போர், நண்பரையும் பகைவராக்கிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி நேர்ந்தது. பின்னர் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரையாலும் கடலாலும் வளைத்தனர். உணவு வரும் வழி அடைபட்டது. ஒருகாலத்தில் கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் புடவை அனுப்பிய நகரம், தன் மக்களுக்கு ஒரு பிடி அரிசி கிடைக்காது தவித்தது. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நாட்களிலேயே, தமது 51-ஆம் வயதில், ஆனந்தரங்கர் உலக வாழ்வை நீத்தார். கோட்டையும் நகரும் பின்னர் இடிக்கப்பட்டன.

அவர் நாட்குறிப்பு நெடுங்காலம் பேசுவாரற்றுக் கிடந்தது. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைக் கண்டு வெளிப்படுத்தினார். 1904 முதல் 1928 வரை 12 பகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் வெளிவந்தது. 1948 முதல் தமிழ் மூலமும் புதுச்சேரியில் அச்சேறலாயிற்று.

அவர்தம் குணமும் குறையும்

ஆனந்தரங்கரைக் குற்றமற்றவர் என்று கூறுதல் சரித்திரத்துக்கு ஒவ்வாது. தற்புகழ்ச்சியில் அவர்க்கு விருப்பம் உண்டு. பகைவரைப் பற்றி எழுதுங்கால் அவர் எழுதுகோல் நடுநிலை பிறழும். கோளும் நாளும் பார்த்தலில் அளவிறந்த நம்பிக்கை வைத்தார். டூப்ளேயின் ஆசைகள் வாணிகத்தை அழிக்கும் என்பது கண்முன் தெரிந்த பின்னும், அவர் நிழலிலேயே நின்றார். பதவியும் வாணிகமும் ஒருவர் கையிற் கலந்ததனால் விளைந்த கேடுகளும் உள.

எனினும், அவரிடம் நாம் கற்கத்தக்கவை மூன்று. செய்தியை முந்தி அறிந்து ஏட்டிற் பதித்தல் ஒன்று. பொருள் விளையும் இடத்துக்கு அருகே தம் கண்ணையும் கையையும் வைத்தல் மற்றொன்று. நைனியப்பர் பட்டது கண்டும், வாக்கே முதல் என்று அதனை விடாது பற்றியது மூன்றாவது.

இக்காலத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள மாணவர்காள்! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடப் பகுதியிலே இன்று பெருந்தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிற் கார் செய்யத் தொடங்கிய பின்னர், அவற்றின் தொகை மிக வளர்ந்தது. ஒரு வண்டிக்கு வேண்டும் ஆயிரக்கணக்கான உறுப்புக்கள் பல ஊர்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் குறித்த வேளையில் வந்து சேர்கின்றன. கிடங்கிற் குவித்து வையாது, வேண்டும்போது வேண்டுமளவே வருவித்தல் ஜப்பானியர் வகுத்த சிறந்த முறை. அதனால் முதல் முடங்குவதில்லை, பொருள் பழுதாவதில்லை, பிழை நேரின் உடனே தெரியும்.

ஆனால், அம்முறைக்கும் பருவக்காற்று உண்டு. 2015 டிசம்பரிற் பெய்த பெருமழையிற் சென்னையைச் சூழ்ந்த தொழிற்சாலைகள் பல சில நாள் நின்றன. 2020-இல் தொற்றுநோய் வழிகளை அடைத்தது. 2021-இல் விரல்நுனியளவுள்ள சில்லுகள் கிடையாமையால் உலகெங்கும் கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. முழுவண்டியும் ஒரு சிறு துண்டுக்காகக் காத்து நின்றது. கப்பல் வாராத ஆண்டிலே தறிகள் நின்றதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று செய்தி நொடியில் வருகின்றது. கணக்கை யந்திரம் போடுகின்றது. எனினும் இடர் வந்த நாளில் எழும் வினா பழைய வினாவே: நட்டத்தை யார் தாங்குவது?

பெரியவன் தன் நட்டத்தைச் சிறியவன் தலையில் இறக்கிவிடுதல் எளிது. ஒப்பிய விலையைக் குறைக்கலாம். தரவேண்டிய பணத்தைத் தாமதிக்கலாம். ஏற்கவேண்டிய பொருளைத் தள்ளலாம். அவ்வாண்டுக் கணக்கில் அது ஆதாயமாகவே தோன்றும். மறு ஆண்டிலோ, முன்பணம் தின்று தீர்ந்த நெசவாளன் தறியை விட்டு அகன்றிருப்பான். சிறு பட்டறைக்காரன் கதவைச் சாத்தியிருப்பான். அப்பொழுது எத்துணை வேகமான பாரவண்டியும் வெறுவண்டியே. மண்ணூர்ச் சாலையோரத்திலுள்ள சிறு பட்டறைக்கு உரிய நாளிற் பணம் கொடுத்தல் தருமம் மட்டுமன்று. பெருந்தொழிற்சாலையைக் காக்கும் காவலும் அதுவே.

உங்களுள் பலர் நாளை இத்தொழில்களிற் பொறுப்பேற்பீர்கள். கொள்முதற் கணக்கும், சரக்குக் கணக்கும், விற்பனைக் கணிப்பும் உங்கள் கையில் வரும். அவற்றைத் திறம்படக் கற்றுக்கொள்ளுங்கள். நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் மெய்யாக எழுதி வையுங்கள். வேண்டுவோரை மட்டும் நோக்காது, ஆக்குவோர் ஊருக்கும் ஒருமுறை சென்று பாருங்கள். கொடுத்த வாக்கை, இலாபத்தினும் மேலான முதலாக எண்ணிக் காத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக் கோட்டை இடிந்து, கும்பினியும் மறைந்து, வெள்ளி யாவும் கைமாறிய பின்னும், ஆனந்தரங்கரின் ஏடு நின்று பேசுகின்றது. அதனைப் பயின்று பயன் கொள்ளுதல் நம் கடன்.